சிவப்பில் வந்த முப்பத்தொருவர்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, கிடங்கின் இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் போட்டிருந்த மேஜையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ரத்தினம்மாள் ஒலிபெருக்கியில் முப்பத்தொரு பெயர்களை வாசித்தாள். வாசிக்கும்போது அவள் நிமிரவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு ஓர் ஆள் வரிசையை விட்டு விலகி இடதுபக்கச் சுவரோரம் போய் நிற்கும் செருப்புச் சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்டது. பத்தொன்பதாவது பெயர் ஊ கின் மவுங். அடையாள அட்டையில் உள்ள பர்மியப் பெயர் அது. போட்டாதாங் படகுத்துறையில் அந்த மனிதரை எல்லோரும் காஜா மைதீன் என்றுதான் அறிவார்கள். இருபத்தாறு வருஷமாக அந்தக் கிடங்குக்கு வரும் அரிசி மூட்டையையும் பயறு மூட்டையையும் லாரியிலிருந்து இறங்க இறங்க எண்ணிச் சொல்பவர். அவர் எண்ணினால் மறுபடி யாரும் எண்ணுவதில்லை. அவர் செருப்பு மற்றவர்களுடையதைவிட மெதுவாக நகர்ந்தது.

புதிய ஏற்பாடு அந்த மாதம்தான் வந்திருந்தது. துறைமுகத்தை ஒட்டிய கிடங்குகளில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இனிமேல் காகிதச் சீட்டைக் காட்டி உள்ளே போக முடியாது. வாசலில் உள்ள கருவியில் கட்டைவிரலை வைக்க வேண்டும். கம்பெனி அனுப்பிய பட்டியலில் உள்ள பெயர், தகப்பன் பெயர், அடையாள அட்டை எண் எல்லாம் மேலிடத்துப் பதிவோடு ஒத்துப்போனால் பச்சை. ஏதாவது ஒன்று ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு. எது ஒத்துப்போகவில்லை என்று அந்தக் கருவி சொல்வதில்லை. ஆளெடுப்பு, வருகைப்பதிவு, விடுப்பு எல்லாவற்றையும் இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துவரும் ரத்தினம்மாள்தான் இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் பட்டியலை இரண்டு வாரத்துக்கு முன் அனுப்பிவைத்தாள். நூற்று எண்பத்தொரு பேர் பச்சையில் வந்தார்கள். மிச்சம் முப்பத்தொரு பேர் அன்று முதல் உள்ளே வரக்கூடாது, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் சரிசெய்யாவிட்டால் பட்டியல் மூடப்படும், அவர்கள் இடத்துக்கு வேறு ஆள் எடுக்கப்படும் என்று மேனேஜர் ஊ மின் தூ சொல்லியிருந்தார். எதைச் சரிசெய்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

வாசித்து முடித்ததும் காஜா மைதீன் மேஜைக்கு வந்தார். ஓரம் தேய்ந்த இளஞ்சிவப்பு அடையாள அட்டையை அவள் முன்னால் வைத்தார்.

"ரத்தினம்மா, நல்லாப் பாரு. நீயே பாத்து எழுதின அட்டைதானே இது?"

"மெஷின் அப்படிக் காட்டுது பாய். நான் என்ன செய்ய?"

அவர் அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, லோன்ஜிக் கைலியை உதறிக் கட்டியபடி ஸ்ட்ராண்ட் சாலையைக் கடந்து போனார். வரிசையில் பின்னால் நின்ற அவருடைய மருமகன் மாஹிர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் போன வருஷம் சேர்ந்தவன். பச்சையில் வந்தவன்.

மத்தியானத்துக்குள் எதிர்ச்சாரி டீக்கடையில் இரண்டு பேச்சு கிளம்பிவிட்டது. ஒன்று, இந்திய ரத்தம் உள்ளவர்களைச் சலித்து எடுக்கத்தான் இந்தக் கருவி வந்திருக்கிறது என்பது. இன்னொன்று, சிவப்பில் வந்தவர்கள் எல்லோரும் பழைய ஆட்கள், பழைய நாளில் காசு கொடுத்து அட்டை வாங்கியவர்கள், இப்போதுதான் குட்டு உடைந்தது என்பது. ரத்தினம்மாள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, இன்வெர்ட்டர் பழுதுபார்க்கிற அவள் கணவன் சுரேந்திரன், உனக்குப் பச்சை வந்ததே பெரிய விஷயம், பேசாமல் இரு என்றான். அவள் சாப்பிட்டு முடித்துப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு பெயர்களுக்கு நேரே பென்சிலால் குறியிட்டாள். முப்பத்தொரு பேரில் தமிழர், தெலுங்கர், வங்காளிகள் எல்லாம் சேர்த்து ஒன்பது பேர்தான். மற்றவர்கள் பர்மியர், கரேன்காரர்கள், ஒருவர் அரக்கான் பக்கத்து ஆள். முதல் பேச்சு பொய் என்று தெரிந்ததில் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இரண்டாவது பேச்சுதான் உறுத்தியது. முப்பத்தொரு பேரும் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள் என்பது உண்மை. ஆனால் அந்த அட்டைகள் ஒவ்வொன்றையும் அவள் தன் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை, முப்பத்தொரு பேருக்கும் வேலைநீக்கக் கடிதம் தயாராக வைத்துக்கொள்ளும்படி மேனேஜர் சொன்னார். கடிதத்தில் சேர்ந்த தேதியைக் குறிப்பிட வேண்டும். ரத்தினம்மாள் கணினியில் பழைய பட்டியலைத் திறந்து, தேடும் கட்டத்தில் காஜா மைதீனின் அட்டை எண்ணை அடித்தாள். அப்படி ஓர் எண் இல்லை என்று வந்தது. தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைத்து, அட்டையின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாக அடித்தாள். மறுபடியும் இல்லை. ஆனால் அந்த எண் அவள் கண்ணுக்கு எதிரே திரையில், அவர் பெயருக்கு நேராகத்தான் இருந்தது. அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு வித்தியாசமும் இல்லை. பட்டியலில் இருந்த எண்ணைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துத் திரும்ப அடித்துக்கொண்டே வந்தாள். நடுவில் இருந்த பூஜ்யத்தை அழித்து மறுபடி அடித்துவிட்டுத் தேடியபோது எண் கிடைத்தது.

பர்மிய எழுத்தில் பூஜ்யம் ஒரு வட்டம். 'வ' என்கிற எழுத்தும் ஒரு வட்டம். காகிதத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. கணினிக்குள் அவை இரண்டும் வேறு வேறு.

அவளுக்கு உடனே நினைவுக்கு வந்துவிட்டது. ஆபீஸில் முதன்முதலில் வாங்கிய கணினியின் கீபோர்டில் பூஜ்யம் எழுதும் விசை சில மாதங்களிலேயே உடைந்து விழுந்தது. அப்போதிருந்த மேனேஜரிடம் புதியது கேட்டாள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அடுத்த மாதம் வருவதற்குள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பூஜ்யம் வரும் இடத்தில் 'வ'வை அடித்தாள். அச்சிட்டுப் பார்த்தால் ஒரே மாதிரி இருந்தது. தன் சாமர்த்தியத்தை வீட்டில் சொல்லிச் சிரித்ததுகூட ஞாபகம் இருந்தது. அப்படியே ஒன்பது வருஷம் அடித்தாள், புதுக் கணினி வரும்வரை. அந்த வருஷங்களில் சேர்ந்தவர்கள், அதற்கு முன் சேர்ந்து பேரேட்டிலிருந்து அவள் கணினியில் ஏற்றியவர்கள், இவர்களில் யாருடைய எண்ணில் பூஜ்யம் இருந்ததோ அவர்கள் எல்லோரும் சிவப்பு. அவளுடைய எண்ணில் பூஜ்யம் இல்லை.

முப்பத்தொன்றையும் சரிபார்த்து முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒன்றுகூடத் தப்பவில்லை. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. ரத்தினம்மாள் கைகளை மேஜைக்கு அடியில், மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேற்றுச் சுவரோரம் நின்றவர்களில் ஒருவர், பெரிய உடம்புக்காரர், அட்டையை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றது கண்ணுக்குள் வந்தது. யாருக்கும் தெரியாமல் திருத்தி அனுப்பிவிடலாமா என்று ஒரு நினைப்பு வராமல் இல்லை. வந்தது. திருத்திய பட்டியலை அனுப்பினால் போதாது, ஒவ்வொருவரும் நேரில் வந்து மறுபடி கட்டைவிரல் வைக்க வேண்டும், ஏன் என்று கேட்பார்கள் என்பதை யோசித்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. எழுந்து மேனேஜர் அறைக்குப் போனாள்.

ஊ மின் தூ கெட்ட மனிதர் அல்ல. முப்பத்தொரு பழகிய ஆட்களை ஒரே நாளில் இழப்பதில் அவருக்கும் தூக்கம் போயிருந்தது. அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்தது. ஆனால் பட்டியலின் அடியில் இருப்பது தன் கையெழுத்து என்றார். பிழையான விவரம் கொடுத்தது கம்பெனி என்று தெரிந்தால் தலைமை அலுவலகம் சும்மா விடாது, உங்கள் இருபத்திரண்டு வருஷமும் வீணாகும், எனக்கும் அதுதான் கதி என்றார். "இயந்திரக் கோளாறுன்னு சொல்லுங்க சயாமா. எல்லாருக்கும் நல்லது அதுதான்" என்று பர்மிய மொழியில், மரியாதைச் சொல் போட்டு, மெதுவாகச் சொன்னார்.

அவள் சரி என்றாள். அப்போது அது சரியாகத்தான் பட்டது.

திருத்திய பட்டியலை அனுப்பிவிட்டு, அன்று பிற்பகலிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்; தொலைபேசியை வைக்கவே இல்லை. புதன்கிழமை சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு பேர் வந்துவிட்டார்கள். விரலை வைத்தார்கள், பச்சை வந்தது, நெஞ்சைத் தடவிக்கொண்டு சிரித்தார்கள். என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கு இயந்திரக் கோளாறு என்றாள். ஒரு கரேன்காரர், அவள் அலைந்து திரிந்துதான் வேலையை மீட்டுக் கொடுத்தாள் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரு பை ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுக் கும்பிட்டார். அவள் அந்தப் பையை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பழங்களை வாசல் காவலாளிகளுக்குக் கொடுத்தாள். அன்று முழுக்க அவள் கையில் அந்தப் பழ வாசனை இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் பாக்கி இரண்டே பேர். ஒருவர் ஆற்றுக்கு அக்கரையில் டலாவில் இருக்கும் சுமைக்காரர் கோ ஆங் நைங். அவர் தொலைபேசி திங்கட்கிழமையிலிருந்து அணைந்தே கிடந்தது. இன்னொருவர் காஜா மைதீன். அவர் தொலைபேசி அடித்தது, எடுக்கவில்லை. அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு ரத்தினம்மாள் க்யிம்யிண்டைங்கில் அவர் வீட்டுக்குப் போனாள். கதவு பூட்டியிருந்தது. மனைவியின் தம்பி மாவ்பியில் கோழிப் பண்ணை வைத்திருக்கிறார், இரண்டு பேரும் அங்கே போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அப்படியே திரும்பி இன்செய்ன் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தாள். இரண்டு பஸ் மாறி, பிறகு சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷாவில் ஏறி, பண்ணையைக் கண்டுபிடிக்கும்போது வெயில் சாய்ந்திருந்தது.

காஜா மைதீன் தீவன மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கையைத் தட்டிவிட்டு, ஒரு பலகையைத் துடைத்து உட்காரச் சொன்னார். மனைவி பரீதா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் தூணோரம் நின்றாள். ரத்தினம்மாள் விஷயத்தைச் சொன்னாள். எல்லாம் சரியாகிவிட்டது, நாளை நான்கு மணிக்குள் வந்து விரல் வைத்தால் போதும் என்றாள். இன்னும் ஒருவரைத் தவிர பாக்கிப் பேர் எல்லாம் வந்துவிட்டார்கள் என்றும் சொன்னாள்.

"என்னவாம் கோளாறு?" என்று கேட்டார் அவர்.

மெஷின் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வந்தவர்களிடமெல்லாம் சொன்ன சொல்தான். அன்றைக்கு வரவில்லை. டீக் கோப்பையைத் தரையில் வைத்தாள்.

"மெஷின் இல்ல பாய். நான்தான். உங்க நம்பரைத் தப்பா அடிச்சு வச்சது நான்."

உடைந்த விசையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். கோழிகளின் சத்தம் கூரைக்குள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் முடித்த பிறகு அவர் தன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த தவிட்டைத் தேய்த்து உதிர்த்துக்கொண்டிருந்தார்.

"கை தவறுறது யாருக்கும் உண்டு. அதுக்கு நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்" என்றார் கடைசியில். "ஆனா நீ மைக்குல படிச்ச. என் மருமவன் அந்த வரிசையில நின்னான். அவங்க வீட்டு ஆளுங்க எம்மவ ஸமீராகிட்ட, ஒங்க வாப்பா அட்டை எங்க வாங்கினதுன்னு கேட்டிருக்காங்க. அவ போன்ல அழுதா. நான் இங்க வந்து உக்காந்திருக்கிறது சோத்துக்கு இல்ல ரத்தினம்மா."

"அதான் பச்சை வந்துடுமே பாய்."

"பச்சை எனக்கு வரும். கள்ள அட்டைக்காரன்ங்கிற பேரு போகுமா? மெஷின் அன்னைக்கு ஒன்னு சொல்லுச்சு, இன்னைக்கு ஒன்னு சொல்லுதுன்னுதான் பேசுவான். எவ்வளவு குடுத்தாரு கின் மவுங்னு கேப்பான்."

இதை ரத்தினம்மாள் யோசித்திருக்கவில்லை. சிரித்துக்கொண்டே போன இருபத்தொன்பது பேரின் பின்னாலும் இந்தக் கேள்வி போயிருக்கும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டீக்கடையில் அந்தப் பேச்சு நிற்கவில்லை என்பதையும், அவளைக் கண்டதும் மட்டும் அடங்கியது என்பதையும் நினைத்துப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு அதே இடத்துல, அதே மைக்குல சொல்றேன்" என்றாள். "முப்பத்தொரு பேரையும் படிச்சுச் சொல்றேன்."

"ஒன் வேலை?"

"அது என் பாடு. நீங்க வாங்க."

அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பரீதா மட்டும் தெருமுனைவரை கூட வந்து, கடைசி பஸ் போய்விடுமே என்று சைக்காக்காரரை விரட்டிக் கூப்பிட்டு ஏற்றிவிட்டாள்.

வீட்டில் சுரேந்திரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, திருத்தியாகிவிட்டது, எல்லோருக்கும் வேலை கிடைத்துவிட்டது, இனி எதற்கு இது என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. பயந்துதான் கேட்டான். அவள் ஒரு தாளில் பர்மிய மொழியில் எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று முறை எழுதிக் கிழித்தாள். முதலில் எழுதியதில் உடைந்த விசை வந்தது, பழைய மேனேஜர் வந்தார், வேலைப்பளு வந்தது. கடைசியாக எழுதியதில் அதெல்லாம் இல்லை. நாலே வரி இருந்தது. அதைப் படித்துக் காட்டச் சொன்னான் சுரேந்திரன். படித்தாள். இரண்டாவது வரியில் ஒரு சொல் மரியாதைக் குறைவாக இருக்கிறது என்று அவன் மாற்றிச் சொல்லிக்கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வரிசை நின்றிருந்தது. காஜா மைதீன் அதில் இல்லை. ரத்தினம்மாள் இரண்டு நிமிஷம் பார்த்தாள். அதற்கு மேல் காத்திருக்கவில்லை. ஒலிபெருக்கியை வாங்கி, திங்கட்கிழமை இதே இடத்தில் நான் வாசித்த முப்பத்தொரு பேரின் அட்டைகளும் உண்மையானவை, அவற்றில் ஒரு குறையும் இல்லை, எண்களைத் தவறாக அடித்தவள் நான், இயந்திரம் அல்ல, அவர்களும் அல்ல என்று சொன்னாள். பிறகு பெயர்களை வாசிக்க ஆரம்பித்தாள். இந்த முறை ஒவ்வொரு பெயருக்கும் நிமிர்ந்து அந்த ஆளைத் தேடிப் பார்த்தாள். சிலர் தலையசைத்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆரஞ்சு கொண்டுவந்தவர் வாயைப் பிளந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊ மின் தூ மாடியிலிருந்து வேகமாக இறங்கி வந்தவர், பாதிப் படியில் நின்றுவிட்டார்.

ஊ கின் மவுங் என்று வாசித்து நிமிர்ந்தபோது, சாலைக்கு அந்தப் பக்கம், மொஹிங்கா நூடுல்ஸ் விற்கிறவளின் குடைக்குப் பக்கத்தில் காஜா மைதீன் பரீதாவோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவள் அந்தப் பெயரை மறுபடி ஒருமுறை வாசித்தாள். இந்த முறை பக்கத்தில் காஜா மைதீன் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். வரிசையில் மாஹிர் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

அவர் சாலையைக் கடந்து வந்து கட்டைவிரலை வைத்தார். பச்சை வந்தது. உள்ளே நின்ற லாரியைப் பார்த்து, எத்தனை இறங்கியிருக்கிறது என்று மட்டும் கேட்டார். நாற்பது என்று யாரோ சொன்னதும், நான் வந்து எண்ணுகிறவரை நிறுத்து என்று பர்மிய மொழியில் சொல்லிக்கொண்டே போனார்.

எட்டரை மணிக்கு மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, அலமாரிச் சாவிகளைக் கேட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வரும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றார். அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. நான் சொல்லியும் ஏன் என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். அவள் சாவிகளை மேஜையில் வைத்தாள். இன்னும் ஓர் ஆள் பாக்கி இருக்கிறார், நான்கு மணிவரை வாசல் கருவியை எடுக்கச் சொல்லாதீர்கள் சயா என்றாள். அவர் சரி என்று சொல்லவில்லை. ஆனால் கருவியை எடுக்கக் காவலாளியைக் கூப்பிடவும் இல்லை.

கோ ஆங் நைங்கின் முகவரி அவள் கைப்பையில் இருந்தது. முகவரி என்று சொல்ல முடியாது. டலா, பழைய குளத்துக்குப் பின்னால், மூங்கில் வேலி என்று எப்போதோ அவர் சொல்லி அவள் எழுதிக்கொண்டது. ஸ்ட்ராண்ட் சாலையோரமாகவே வேகமாக நடந்து பான்சோடான் படகுத்துறைக்குப் போனாள். ஒன்பதரைப் படகு கிடைத்தது. தை மாதக் குளிர்காற்று முகத்தில் அடித்தது. கடற்பறவைகள் படகைச் சுற்றிச் சுற்றி வந்தன. யாரோ பொரி வீசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. இறங்குகிற பக்கம் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அக்கரையில் மோட்டார் சைக்கிள்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பழைய குளம் எது என்று மூன்று பேர் மூன்று திசை காட்டினார்கள். நாலாவது ஆளுக்குக் கோ ஆங் நைங்கைத் தெரிந்திருந்தது. துறைமுகத்து வேலை போனதிலிருந்து செங்கல் சூளைப் பக்கம் போய்வருகிறார், இப்போது வீட்டில் இருந்தாலும் இருப்பார் என்றான். ரத்தினம்மாள் இடுப்பில் சுற்றியிருந்த தமெய்னைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி தார்ச்சாலையை விட்டு மண்வரப்பில் இறங்கியது. இரண்டு பக்கமும் அறுத்த வயல். தூரத்தில், பின்னால் மூங்கில் வேலி தெரிந்த ஒரு குளக்கரையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த பெண் ஒருத்தி வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்து, குடத்தை இடுப்பில் வைத்தபடியே, வருவது யாரென்று வெயிலைக் கையால் மறைத்துப் பார்த்தாள்.